லயத்து வீட்டுக் கோழி வளர்ப்பு



தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்பே லயத்தை எழுப்பிவிடுவது சேவல்தான். பால்மரக் காலத்திலும் அப்படித்தான். அந்த மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட பிறகும் அப்படித்தான். நம் பெரியவர்கள் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு துணி மூட்டையும் இரண்டு பாத்திரமும்தான் கையில் இருந்தன. ஆனாலும் வந்து குடியேறிய சில மாதங்களில் லயத்தின் பின்புறத்தில் ஒரு கீரைப் பாத்தியும் ஒரு கோழிக் கூண்டும் முளைத்துவிட்டன. குழந்தைக்கு ஒரு முட்டை, வந்த சம்பந்திக்கு ஒரு குழம்பு, கைக்கு நெருக்கடி வந்தால் விற்க ஒரு சேவல். இந்த மூன்றுக்கும் அந்தக் கூண்டுதான் ஆதாரம்.

இன்று அந்தக் கூண்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். நாங்கள் கால்நடை மருத்துவர் அல்லர். ஜொகூரில், குளுவாங் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறவர்கள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருபது ஆண்டுகளாகக் கோழி இருக்கிறது. அவை உயிரோடு இருந்தபோது கற்றதைவிட, செத்தபோது கற்றது அதிகம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நாட்டுக் கோழி வளர்த்து யாரும் பணக்காரராவதில்லை. பண்ணையில் முட்டைக்கென்றே வளர்க்கும் கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய 300 முட்டை இடுகிறது. கம்பத்துக் கோழி என்று நாம் சொல்லும் நாட்டுக் கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைகாக்க உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுவதும் எண்ணினாலும் நாற்பதிலிருந்து அறுபது முட்டைதான். பண்ணைக் கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். நம் கோழிக்கு நான்கைந்து மாதம் ஆகும். அப்படியானால் எதற்காக வளர்க்கிறோம்? அதன் சாப்பாட்டில் பெரும்பகுதியை அதுவே தேடிக்கொள்கிறது என்பதற்காக. கறியின் சுவைக்காக. சந்தையில் நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காக.

இன்னொரு காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி நம் அரசாங்கம் சிங்கப்பூருக்குக் கோழி அனுப்புவதை நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். மாதத்துக்கு 36 இலட்சம் கோழிகள் வரை வெளியே போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும் நம் கடைகளில் கோழிக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறியது. பண்ணைக் கோழி தின்னும் சோளமும் சோயாவும் கடல் கடந்து வருபவை. எங்கோ போர் நடந்தால் இங்கே கோழி விலை ஏறுகிறது. தவிடும் கறையானும் தின்று வளரும் கோழிக்கு அந்தக் கவலை குறைவு.

சரி, கூண்டுக்கு வருவோம். பலர் வீடுகளில் கோழி வாழைமரத்திலோ, சமையற்கட்டுக் கூரையின்மேலோ, பழைய மோட்டார் சைக்கிளின்மேலோ ஏறித் தூங்குகிறது. விடிந்து பார்த்தால் ஒன்று குறைகிறது. யார் பிடித்தார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் பாவம்! செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். மலைப்பாம்பும், மூசாங் என்று மலாயில் சொல்லும் மரநாயும் இரவில் வருகின்றன. உடும்பு பகலிலேயே வருகிறது. எங்கள் கூண்டுக்குள் ஒருமுறை மலைப்பாம்பு ஒன்று கம்பி இடுக்கு வழியாக நுழைந்து ஒரு பெட்டையை விழுங்கிவிட்டு, வயிறு பெருத்துப் போனதால் வந்த வழியே வெளியேற முடியாமல் காலை வரை அங்கேயே படுத்திருந்தது. அதற்குப் பிறகுதான், கோழி தாண்டாத வலை வேறு, பாம்பு நுழையாத வலை வேறு என்பது எங்களுக்குப் புரிந்தது. அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பிவலைதான் வேண்டும். விலை அதிகம் என்று தோன்றினால், கூண்டைச் சிறிதாகக் கட்டுங்கள். வலையை மட்டும் மலிவாக வாங்காதீர்கள்.

இரவில் அடைப்பதற்கு மட்டும் என்றால், நாலடி அகலம் ஆறடி நீளம் உள்ள கூண்டில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் தங்கலாம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால் நட்டு, அரை அங்குல இடைவெளி விட்டுச் சட்டம் அடித்துத் தளம் போடுங்கள். எச்சம் கீழே விழுந்துவிடும். கோழி அதன்மேல் படுக்காது. விழுந்த எச்சத்தை வாரத்துக்கு ஒருமுறை அள்ளிக் குவித்து, மட்கிய பிறகு கீரைக்கும் கத்தரிக்கும் போடலாம். பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் பத்து பகாட் பக்கம் வாரக்கணக்கில் நின்ற நீரையும் பார்த்தவர்கள் நாம். ஆகவே கூண்டு மேட்டில் இருக்கட்டும். கூரை நன்றாக முன்னே நீண்டிருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் மறைத்து மற்ற பக்கம் காற்றோட்டமாக விடுங்கள். கோழிக்குக் குளிரைவிட ஈரம்தான் பகை. மாலையில் எண்ணி அடைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பையன் கூட்டல் கழித்தல் கற்றது அந்தக் கூண்டு வாசலில்தான்.

தீனி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் தாய்மார்களுக்குத் தெரியும். மிஞ்சிய சோறு, நொய், தவிடு, தேங்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, கறையான் புற்றைக் கொத்திப் போட்டால் அதைவிட விருந்தே இல்லை. முட்டை ஓட்டை வறுத்து நன்றாக நொறுக்கிக் கலந்துவிட்டால் அடுத்த முட்டைக்கு ஓடு கெட்டியாக இருக்கும். நொறுக்காமல் போட்டால் கோழி முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். பூசணம் பிடித்த தீனியை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று போட்டுவிடாதீர்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கருவாட்டுக் குழம்பின் மிச்சமும் வேண்டாம். உப்பு மிகுந்தால் கோழி தாங்காது. மரவள்ளி இலையும் தோலும் பச்சையாக இருந்தால் நஞ்சுதான்.

தோட்டத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்று உண்டு. செம்பனை மரத்தடியில் வைக்கும் எலி மருந்துக் கட்டியைச் சொல்கிறோம். அது பார்க்கத் தீனிக்கட்டி போலவே இருக்கும். கோழி அதை நேராகக் கொத்தினாலும் சாகும். அதைத் தின்று செத்த எலியைக் கொத்தினாலும் கெடுதி. இரத்தம் உறையவிடாத மருந்து அது. தின்றவுடன் சாகாது, சில நாள் கழித்துத்தான் சாகும். இதனால்தான் காரணம் தெரியாமல் போய்விடுகிறது. மருந்து வைக்கும் நாள் எது என்று மண்டோரிடம் கேட்டு, அந்த நாட்களில் கோழியைக் கூண்டிலேயே வைத்துத் தீனி போடுங்கள். அப்படிச் செத்த கோழியைச் சமைக்கவே கூடாது. புல்லுக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் போகும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை: காலி மருந்து டின்னை எத்தனை முறை கழுவினாலும் அது கோழிக்குத் தண்ணீர்ப் பாத்திரமாகாது. பாராகுவாட் என்ற மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. இருந்தாலும் பழைய டின்கள் கொட்டகைகளில் இன்னும் உருண்டுகொண்டிருக்கின்றன.

அடைவைப்பது ஒரு கலை. கோழி பத்து நாளாக இட்ட முட்டையை எல்லாம் சேர்த்து வைக்கிறோம். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் வையுங்கள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்கு மேற்பட்டதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். பத்து அல்லது பன்னிரண்டு முட்டைக்கு மேல் ஒரு கோழியின் சிறகுக்குள் அடங்காது. ஆசைப்பட்டுப் பதினெட்டு வைத்தால் எல்லாமே மாறி மாறிக் குளிர்ந்துபோகும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்திவலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் வெளிச்சமாக இருந்தால் எடுத்துவிடுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடாதீர்கள். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வரும்.

வந்த குஞ்சில் எத்தனை நிற்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். பத்துக் குஞ்சோடு இறங்கிய தாய்க்கோழி ஆறு வாரத்தில் இரண்டோடு நிற்கும். பருந்து தூக்கியது, சாக்கடையில் விழுந்தது, மழையில் நனைந்து விறைத்தது. தாய்க்கோழியின் பின்னால் குஞ்சு ஓடத்தான் வேண்டும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். முதல் மூன்று நான்கு வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். பகலில் நிழலில், இரவில் வீட்டோரத்தில். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தை இந்த நாட்களுக்கு மட்டும் வாங்குங்கள், செலவு பெரிதல்ல. தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போட்டுவைத்தால் குஞ்சு விழுந்து மூழ்காது. இதைச் செய்த பிறகு எங்கள் நோட்டில் ஏழும் எட்டும் எழுத ஆரம்பித்தோம். மூன்றாவது வாரத்திலிருந்து குஞ்சு இரத்தமாகக் கழிந்து சிறகைத் தொங்கவிட்டால், அது ஈரத் தரையில் பெருகும் ஒரு நுண்ணுயிரின் வேலை. அதற்கு மருந்து உண்டு. கால்நடை அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள், தரையைக் காயவையுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானதற்கு வருகிறோம்.

2013ஆம் ஆண்டு. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் சேவல் கிழடாகிவிட்டதென்று ஞாயிற்றுச் சந்தையில் ஒரு சிவப்புச் சேவல் வாங்கினோம். விலை குறைவு. கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது; வெயிலில் நின்றதால் இருக்கும் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கோழிகளோடு விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் அது செத்தது. வாங்கிய ராசி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு, அதைப் பின்பக்கச் சாக்கடையில் வீசினோம். பாடம் சொல்லிக்கொடுக்கிற நாங்கள்தான் வீசினோம். அடுத்த வாரம் எங்கள் பெட்டைகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. வாயைத் திறந்து மூச்சுக்கு ஏங்கின. ஒன்றின் கழுத்து கயிறு முறுக்கினாற்போலத் திரும்பிக்கொண்டது. நாலே நாளில் பத்தொன்பது கோழியும் போயின.

அந்தச் சாக்கடை எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. லயத்தின் நீளத்துக்கும் ஓடுகிறது. கடைசி வீட்டில் ஓர் அம்மா இருந்தார். கணவரை இழந்தவர், மருந்தடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே முப்பதுக்கும் மேற்பட்ட கோழி வளர்த்தார். மூத்த மகள் மேற்படிப்புக்குப் போக வேண்டும். பயணத்துக்கும் துணிமணிக்கும் தீபாவளிச் சேவல்களைத்தான் நம்பியிருந்தார். அவர் வீட்டில் தப்பியவை இரண்டு. சாவு தொடங்கியது தெரிந்ததும் லயத்தில் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? நல்லபடியாக நின்ற கோழிகளை அன்று மாலையே பிடித்துக் கூடையில் போட்டு, பக்கத்துத் தோட்டத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டார்கள். பத்து நாளில் அங்கேயும் சாவு விழுந்தது. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

செத்த கோழி ஒன்றை இரண்டு பையில் போட்டுக் கட்டி மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோதுதான், அது ராசியல்ல, நோய் என்று தெரிந்தது. நாங்கள் அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னோம். கையில் இருந்த பணத்தையும் நீட்டினோம். "நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க, வாத்தியாரையா?" என்று கேட்டார். பணத்தை வாங்கவில்லை. "இது வராம இருக்க என்ன வழின்னு படிச்சுச் சொல்லுங்க, அது போதும்" என்றார். அதனால்தான் படித்தோம்.

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் நியூகாசல் நோய் என்று பெயர். மலாயில் சம்பார் ஆயாம். தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். இராணிக்கேத் என்றும் சொல்வதுண்டு. இரண்டும் ஊர்ப் பெயர்களே. 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இந்தச் சாவைக் கண்டு எழுதிவைத்தார்கள். அதற்கடுத்து இந்தியாவில் இமயமலைப் பக்கத்து இராணிக்கேத் என்னும் ஊரில் கண்டார்கள். இது வைரஸ் கிருமியால் வருவது. வந்த பிறகு மருந்தில்லை. மஞ்சளும் வேப்பிலையும் வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதைப் பாட்டிமார்கள் சொல்வார்கள். கொடுப்பதில் தீங்கில்லை, ஆனால் இந்தக் கிருமியை அவை கொல்வதில்லை. நோய்க்கோழியின் எச்சத்திலும் சளியிலும் கிருமி இருக்கும். கூடையிலும் கூண்டிலும் செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். உள்ளே புகுந்து ஐந்தாறு நாளில் வெளிப்படுவதே வழக்கம். சில வேளை இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். புதிதாக வாங்கிய கோழி பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். எங்கிருந்து வந்தாலும், சம்பந்தி வீட்டிலிருந்தே வந்தாலும், மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்து, தனிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கடைசியாக அதற்குத் தீனி போட்டுக் கை கழுவுங்கள். அடைவைக்கும் அதே இருபத்தொரு நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

வராமல் தடுக்க வழி உண்டு. இதில் நம் நாட்டுக்குப் பெருமையான ஒரு பங்கும் உண்டு. பண்ணைக் கோழிக்குத் தடுப்பு மருந்து வெகு காலமாக இருந்தது. ஆனால் அது சூடு பட்டால் கெட்டுவிடும். பெரிய புட்டியில்தான் வரும். பகலெல்லாம் காட்டில் திரிந்து கையில் சிக்காத பத்துக் கோழிக்கு அதை எப்படிப் போடுவது? 1966ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு கோழியிலிருந்து, நோய் உண்டாக்காத ஒரு நியூகாசல் கிருமியைப் பிரித்தெடுத்திருந்தார்கள். வி-4 என்று அதற்குப் பெயர். 1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து, அதிலிருந்து சூட்டைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைத் தீனியில் பூசிக் கம்பத்துக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோழியைப் பிடிக்க வேண்டாம், ஊசி வேண்டாம்; தீனி தின்றாலே எதிர்ப்புச் சக்தி. லத்தீப் இப்ராகிம், ஐனி இட்ரிஸ் ஆகியோர் அதில் உழைத்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் 1997இல் புத்ரா மலேசியா என்று பெயர் மாறியது. ஐனி இட்ரிஸ் அம்மையார் 2016இல் அதன் துணைவேந்தராகவும் ஆனார்.

தீனியில் கலப்பதற்கும் குறை இருந்தது. சில தானியங்களில் கிருமி செயலிழந்துவிடுகிறது. கூட்டத்தில் வலுத்த கோழி நிறையத் தின்றுவிட, மெலிந்ததற்குக் கிடைப்பதில்லை. ஆகவே பின்னாளில் ஐ-2 என்ற இன்னொரு சூடு தாங்கும் மருந்தை, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளில் கண்ணில் ஒரு சொட்டாக விட்டார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை. கிராமத்துப் பெண்களே கற்றுக்கொண்டு வீடு வீடாகப் போய் விட்டார்கள். நம் லயத்தில் நடக்காதா என்று நினைத்தோம்.

நம் பக்கம் கிடைக்கும் சாதாரணச் சொட்டு மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டியது. ஒரு புட்டியில் நூறு கோழிக்கோ அதற்கும் மேலோ இருக்கும். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்; மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. ஒரு வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. இருபது வீடு சேர்ந்தால் ஒரு வீட்டுக்குச் சில வெள்ளிதான். எனவே ஒரே நாளில் லயம் முழுவதற்கும் போடுகிறோம். கோழி கூண்டைவிட்டு இறங்கும் முன், விடியற்காலையில். ஒருவர் மடியில் அணைத்துப் பிடிக்க, ஒருவர் கண்ணில் ஒரு சொட்டு விட, அது கண்ணை மூடித் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். புட்டி ஐஸ் போட்ட குடுவையில் இருக்க வேண்டும், வெயில் படக்கூடாது. உங்கள் கண்ணில் பட்டால் கண் சிவந்து வலிக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குஞ்சுக்கு ஒரு வாரத்தில் ஒருமுறை, மூன்று நாலு வாரத்தில் இன்னொரு முறை, பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை. புட்டியில் எழுதியிருப்பதையும் மாவட்டக் கால்நடை அலுவலர் சொல்வதையும் பின்பற்றுங்கள். நோய் வந்துவிட்ட கோழிக்குப் போட்டுப் பயனில்லை. போட்ட மறுநாளே காப்பு வந்துவிடாது; ஒன்றிரண்டு வாரம் ஆகும். தீபாவளிக்கு விற்க வளர்க்கிறவர்கள் இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். கோழி வாங்குவதும் விற்பதும், கூடைகள் இங்குமங்கும் போவதும் அந்தச் சமயத்தில்தான் அதிகம்.

கோழி அம்மையைப் பற்றி இரண்டு வார்த்தை. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பரு போலக் கட்டும். கொசு பரப்புவது, மழைக்காலத்தில் அதிகம். இதற்குத் தடுப்பு மருந்து சிறகின் மெல்லிய தோலில் குத்துவது. வந்துவிட்டால், கண் மூடிப்போன கோழிக்குக் கையால் தண்ணீரும் தீனியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் பல பிழைத்துவிடும். தேங்கிய நீரைக் கொட்டுங்கள்; அது நம் பிள்ளைகளை டிங்கியிலிருந்தும் காக்கும். பேனுக்குச் சாம்பல் கலந்த மண்குழி போதும். கோழி தானே புரண்டு குளிக்கும்.

பறவைக் காய்ச்சல் வேறு வகை. 2004இலும் 2017இலும் கிளந்தானில் வந்தது, மனிதருக்கும் தொற்றக்கூடியது. பார்வைக்கு இதையும் நியூகாசலையும் நம்மால் பிரித்தறிய முடியாது. ஆகவே ஒரே சமயத்தில் பல கோழி செத்தால், அறுக்காதீர்கள், இறகு பிடுங்காதீர்கள், விற்காதீர்கள். "உயிர் போறதுக்கு முன்னாடி அறுத்துட்டா பரவாயில்ல" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். அந்தப் பேச்சைப் பிள்ளைகள் காதில் விழவிடாதீர்கள். கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி, கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தள்ளி மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். சாக்கடையில் மட்டும் வீசாதீர்கள்.

தோட்டத்து ஓரத்தில் மேயும் காட்டுக்கோழி நம் பெட்டையோடு சேர்கிறதே, நல்லதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வால் அடியில் வெள்ளைத் திட்டும் சாம்பல் நிறக் காலுமாகச் செம்பனை வரிசைக்குள் ஓடுமே, மலாயில் டெனாக் என்பார்களே, அதுதான். உலகத்துக் கோழிகள் எல்லாவற்றுக்கும் மூதாதை அந்த இனமே. நம் பகுதிக்கு வடக்கே, தாய்லாந்து, மியன்மார் பக்கத்துக் காடுகளில் அதைப் பழக்கியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். கலந்து பிறக்கும் குஞ்சு பார்க்க அழகு; ஆனால் கூண்டுக்கு வராது, மரத்துக்குப் போய்விடும். சேவல் வேண்டுமென்றால் லயத்திலேயே வேறு வீட்டோடு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே சேவலின் மகளும் பேத்தியும் அதனோடே கலந்தால் குஞ்சு நலிந்துபோகும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

அந்தக் கடைசி வீட்டு அம்மாவின் மகள் எப்படியோ படிப்புக்குப் போனாள். இப்போது வேலையில் இருக்கிறாள். அம்மா தோட்ட வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார். மருந்து போடும் நாளுக்கு முதல்நாள் வீடு வீடாகப் போய் எத்தனை கோழி என்று கேட்டு எழுதி வருவது அவர்தான். யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டுக் கோழியும் அவருக்குத் தெரியும். போன மாதம் நடு வீட்டு மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு பெட்டையோடு வந்து இறங்கினாள். அம்மா திண்ணையை விட்டு எழுந்து போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூடையை வாங்கினார். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் கிடந்த கூண்டில் இரண்டையும் விட்டுவிட்டு, கொட்டகைக் கதவில் தொங்கிய நாட்காட்டியில் கரியால் ஒரு கோடு போட்டார். இன்னும் ஆறு கோடு பாக்கி இருக்கிறது.